ஏழு எம்.எம். ஒரு பெட்டி

ஆர்வல் ட்வெய்ட் ஒரு சந்தேகப் பிராணி. காபியில் சர்க்கரை போட்டுவிட்டேன் என்றால் கலக்கிப் பார்ப்பார். கலக்கியும் விட்டேன் என்றால் ஒரு வாய் குடித்துவிட்டு, இது சர்க்கரைதானா என்று கேட்பார். சோர்லி ஊர் ஹார்டுவேர் கடையில் இந்தக் கோடியில் அவருடைய தோட்டா கவுண்டர், அந்தக் கோடியில் என்னுடைய பெயின்ட் கவுண்டர். இருபத்திரண்டு வருடம் அந்த மனிதரோடு ஒரே கூரைக்குக் கீழே நின்றிருக்கிறேன். என் பொறுமைக்கு இந்த ஊர்க்காரர்கள் ஒரு சிலை வைத்திருக்க வேண்டும். வைக்கவில்லை.

யாராவது வந்து "டூ-செவன்டி ஒரு பெட்டி" என்று கேட்டால் எடுத்துக் கொடுத்து அனுப்ப வேண்டியதுதானே. மாட்டார். "குழலைக் காட்டு" என்பார். வந்தவன் வெளியே போய், பிக்-அப் வண்டியின் பின்கண்ணாடியில் மாட்டியிருக்கும் ரைஃபிளை எடுத்து வர வேண்டும். தோட்டா போடும் அறையின் போல்ட்டைத் திறந்து மேசைமேல் கிடத்த வேண்டும். ஆர்வல் மூக்குக் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு, குழலில் பொறித்த எழுத்தை விரலால் தடவிப் படிப்பார். பிறகு பெட்டியைப் படிப்பார். இரண்டும் ஒன்றுதான் என்று அவர் மனசுக்குப் பட்டால்தான் பெட்டி கை மாறும். டாக்டருக்கும் இதே கதைதான், பாதிரியாருக்கும் இதே கதைதான். அக்டோபர் கடைசியில் வேட்டைக் காலம் தொடங்கும் வாரம் ஆரஞ்சுச் சட்டை போட்ட வேட்டைக்காரர்கள் வாசல் வரை நிற்பார்கள், அப்போதும் இதேதான். முதலாளி தலையில் அடித்துக்கொண்டு பின்பக்கம் போய்விடுவார்.

ஏன் இப்படி உயிரை வாங்குகிறீர்கள் என்று நானே ஒருமுறை கேட்டேன். கேட்டிருக்கக் கூடாது. மத்தியானச் சாப்பாட்டு நேரம் முழுக்க அதிலேயே போயிற்று.

"தோட்டாவுக்குப் பேர் வைக்கிறவன் தோட்டாவைப் பார்த்து வைக்கிறதில்ல வெர்னா. வாங்குறவன் மூஞ்சியைப் பார்த்து வைக்கிறான்" என்று ஆரம்பித்தார்.

தர்ட்டி-தர்ட்டி என்று ஒரு தோட்டா. அதில் முதல் முப்பது குண்டின் அகலம், இரண்டாவது முப்பது அந்தக் காலத்தில் உள்ளே போட்ட வெடிமருந்தின் எடை. சரி, இதுதான் விதி போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டு தர்ட்டி-நாட்-சிக்ஸ் பக்கம் வந்தால், அங்கே சிக்ஸ் என்பது எடையும் இல்லை, ஒரு மண்ணும் இல்லை. ராணுவம் அதை எடுத்துக்கொண்ட வருடம், 1906. இன்னொன்றில் பின்னால் மூவாயிரம் என்று இருக்கும். அது குண்டு பறக்கும் வேகம். டூ-செவன்டி என்கிறார்களே, ஓர் அங்குலத்தை ஆயிரமாக வெட்டினால் அந்தக் குண்டின் அகலம் அதில் இருநூற்று எழுபதா என்றால் இல்லை, இருநூற்று எழுபத்தேழு. டூ-எய்ட்டியின் குண்டு இருநூற்று எண்பத்து நாலு. அதையே மில்லிமீட்டரில் சொன்னால் ஏழு. த்ரீ-நாட்-எய்ட்டும் தர்ட்டி-நாட்-சிக்ஸும் ஒரே அகலக் குண்டுதான், ஆனால் முன்னதன் பித்தளைக் கூடு அரை அங்குலம் குட்டை. குட்டையைக் கொண்டுபோய் நெட்டையின் ரைஃபிளில் போட்டால் நல்ல பிள்ளை மாதிரி உள்ளே போய் உட்காரும். சுட்ட பிறகுதான் கூடு கிழிந்து வெளியே வரும்.

"பேரை நம்பி எவன் என்கிட்ட வந்தாலும் நான் அவனை நம்ப மாட்டேன்" என்று முடித்தார். என் சாண்ட்விச் அப்படியே இருந்தது.

இந்தப் புத்தி அவருக்குச் சின்ன வயதிலேயே வந்துவிட்டது. அவருக்கு ஒன்பது வயதாகும்போது அவருடைய அப்பா விதைக் கோதுமை வாங்கி நூற்றறுபது ஏக்கருக்கு விதைத்தார். சாக்கில் எழுதியிருந்தது ஒன்று, வயலில் முளைத்தது ஒன்று. பாதிக்குப் பாதி காட்டு ஓட்ஸ் களை. அடுத்த வசந்தத்தில் நிலத்தை விட்டுவிட்டு ஊருக்குள் வந்து வாடகை வீட்டில் உட்கார்ந்தார்கள். அந்தச் சாக்கின் மேல் இருந்த எழுத்தை ஆர்வல் சாகும்வரை ஒப்பித்துக் காட்டுவார். பிறகு போரின்போது ராணுவத்தில் சேர்ந்தார், அங்கேயும் தோட்டாக் கிடங்கில் பெட்டி பிரிக்கும் வேலைதான் கொடுத்தார்கள். திரும்பி வந்து ஒரு கல்யாணமும் பண்ணிப் பார்த்தார். லொரேனா நல்ல பெண். இரண்டு வருடம் பொறுத்தாள். ஸ்போகேனில் இருக்கும் அக்காவைப் பார்த்துவிட்டு வருகிறேன் என்று போனவள் வரவே இல்லை. யாரோடு ஓடினாள் என்று பத்து வருடம் யோசித்துக்கொண்டிருந்தார் மனிதர். அவள் யாரோடும் ஓடவில்லை. தினமும் எங்கே போனாய், ஏன் போனாய், எந்தப் பக்கமாகப் போனாய் என்று கேட்டால் யார்தான் இருப்பார்கள்?

இப்படிப்பட்டவர் ஒரே ஒரு ஆளிடம் மட்டும் குழலைக் காட்டச் சொன்னதில்லை. அது டெல்மர் பிரெக்கே. ஊருக்கு வடக்கே கோதுமைப் பண்ணை, மனைவி ஆர்டிஸ், வெளுத்த பச்சை பிக்-அப். ஆர்வலும் அவரும் சேர்ந்து வேட்டைக்குப் போக ஆரம்பித்து முப்பது வருடம். டெல்மரிடம் இருந்தது ஒரு டூ-எய்ட்டி ரைஃபிள். அதை வாங்கிய அன்றைக்கு ஆர்வல்தான் கூட நின்று வாங்கிக் கொடுத்தார். அதனால் டெல்மர் கவுண்டருக்கு வந்து ஒற்றை விரலைக் காட்டினாலே போதும், பெட்டி வந்துவிடும். டெல்மர் இதைக் காபிக் கடையில் உட்கார்ந்து சொல்லிச் சொல்லிப் பெருமைப்படுவார். "ஊரே அவன்கிட்ட குழலைக் காட்டும். நான் மூஞ்சியைக் காட்டினா போதும்" என்பார். நான் ஆர்வலிடம் கேட்டேன், ஏன் அவருக்கு மட்டும் இந்தச் சலுகை என்று. ஆர்வல் என்னை முறைத்துவிட்டு வேலையைப் பார்க்கப் போய்விட்டார்.

இந்த நேரத்தில்தான் தோட்டா கம்பெனி ஒரு காரியம் செய்தது. டூ-எய்ட்டி என்ற பெயருக்கு விற்பனை மந்தம் என்று, அதே தோட்டாவுக்கு 'ஏழு எம்.எம். எக்ஸ்பிரஸ்' என்று புதுப்பெயர் வைத்துப் பெட்டியை மாற்றிவிட்டார்கள். அளவு, கூடு, மருந்து எதுவும் மாறவில்லை, பெயர் மட்டும்தான். ஏற்கெனவே 'ஏழு எம்.எம். மேக்னம்' என்று வேறொரு தோட்டா இருந்தது. குண்டின் அகலம் அதே ஏழுதான். ஆனால் மேக்னத்தின் கூடு தடிமன், அடியில் பட்டை கட்டியது போல ஒரு வளையம் இருக்கும். எக்ஸ்பிரஸ் என்றாலும் வேகம், மேக்னம் என்றாலும் வேகம், சாதாரண ஆளுக்கு இரண்டும் ஒன்றாகத்தானே படும். புதுப்பெட்டி வந்திறங்கிய அன்றைக்கு ஆர்வல் குதித்த குதியைப் பார்க்க வேண்டுமே.

"கட்டின பொண்டாட்டியை வேற பேர் சொல்லிக் கூப்பிட்டா யாரு வந்து நிப்பா? என்ன புத்தி கெட்ட வேலை இது" என்று அட்டைப்பெட்டியைக் காலால் தள்ளினார். எக்ஸ்பிரஸை மேல் தட்டிலும் மேக்னத்தைக் கீழ்த் தட்டிலும் அடுக்கி, நடுவில் ஓர் அடி காலியாக விட்டார்.

1980 அக்டோபர், வேட்டைக் காலம் தொடங்குவதற்கு முந்தைய வெள்ளிக்கிழமை. கடை நிறையக் கூட்டம். டெல்மர் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தார். வழக்கமாகப் பேசாமல் விரலைக் காட்டுகிறவர், அன்றைக்கு வாயைத் திறந்து, "ஏழு எம்.எம். ஒரு பெட்டி" என்றார். எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது. கூட்டம் தாங்காமல் நான் பெயின்ட்டை விட்டுவிட்டு ஆர்வலுக்குப் பை எடுத்துக் கொடுத்துக்கொண்டு பக்கத்தில்தான் நின்றேன்.

ஆர்வல் மேல் தட்டில் கை வைத்தபடியே திரும்பி, "நீயும் புதுசுக்கு மாறிட்டியாடா?" என்று கேட்டார்.

டெல்மர் முகம் சிவந்துவிட்டது. பிறகு சிரித்தார். "என்ன பண்றது, வயசாயிடுச்சு" என்று சொல்லிப் பெட்டியைக் கோட்டுப் பையில் போட்டுக்கொண்டு போனார். இந்த வருடம் முதல் நாள் மட்டும் தனியாகப் போகிறேன் என்று வாசலில் இருந்தே கத்திச் சொன்னார். ஆர்வலுக்கு இடுப்பு வலி, அவரும் சரி என்றுவிட்டார்.

ஞாயிற்றுக்கிழமை காலை டெல்மரின் ரைஃபிள் அவர் முகத்துக்கு நேராக வெடித்தது. பித்தளைத் துணுக்கும் எரிந்த மருந்தும் வலது கண்ணில் அடித்துவிட்டன. பக்கத்துப் பண்ணைக்காரர் பார்த்துத் தூக்கிக்கொண்டு தொண்ணூறு மைல் ஓட்டி, கிரேட் ஃபால்ஸில் ஆஸ்பத்திரியில் சேர்த்தார். கண் போய்விட்டது.

திங்கட்கிழமை ஊரில் வேறு பேச்சே இல்லை. காபிக் கடையில் எல்லாரும் ஆர்வலின் வாயைத்தான் பார்த்தார்கள். தோட்டா விஷயத்தில் அவர் சொன்னால் சொன்னதுதான். ஆர்வல் கரண்டியைக் கீழே வைத்துவிட்டு ஹார்லியின் பெயரைச் சொன்னார்.

ஹார்லி ஸ்டோக் ஆர்டிஸின் தம்பி. சுட்ட கூடுகளைப் பொறுக்கி வந்து, வீட்டுக் கேரேஜில் உட்கார்ந்து, திரும்ப மருந்தும் குண்டும் வைத்து அடைத்துக் கொடுப்பான். போன வருடம் டெல்மருக்கும் இருபது தோட்டா அடைத்துக் கொடுத்திருந்தான். கையில் பீரை வைத்துக்கொண்டு மருந்து அளக்கிறவன் அவன், ஒன்றுக்கு ஒன்றரையாக அள்ளிப் போட்டிருப்பான், அதுதான் வெடித்திருக்கிறது, இதில் யோசிக்க என்ன இருக்கிறது என்றார் ஆர்வல். நான்கு மேசைக்கும் கேட்டது. மத்தியானத்துக்குள் கிரேட் ஃபால்ஸில் இருந்த ஆர்டிஸுக்கும் போய்ச் சேர்ந்தது. அவள் தம்பியை ஆஸ்பத்திரி மாடிப்படி ஏறக் கூடாது என்று சொல்லிவிட்டாள். அவள் பிறந்த குடும்பத்தில் மிச்சம் இருந்தது அவர்கள் இருவர்தான்.

எனக்கு ஆர்வல் மேலேயே ஒரு நெருடல். இவ்வளவு சந்தேகப்படுகிற மனிதர், தான் கொடுத்த பெட்டியை மட்டும் ஏன் நினைத்துப் பார்க்கவில்லை? சொன்னேன். "டெல்மர் துப்பாக்கியை நான் பிடிச்ச நாளு அவனே பிடிச்சிருக்க மாட்டான், போ" என்று என் வாயை அடைத்தார்.

செவ்வாய்க்கிழமை ஹார்லி கடைக்கு வந்தான். இரண்டு நாள் தாடி. சண்டைக்குத்தான் வந்திருக்கிறான் என்று நான் பெயின்ட் டப்பாவைக் கையில் எடுத்து வைத்துக்கொண்டேன். அவன் சண்டை போடவில்லை. கவுண்டரில் இரண்டு கையையும் ஊன்றிக்கொண்டு மெதுவாகக் கேட்டான்.

"ஒவ்வொண்ணும் தராசுல வச்சுத்தான் போட்டேன், ஆர்வல். அப்படித்தான் நெனச்சுட்டிருந்தேன். நீங்க சொன்னதுக்கு அப்புறம் எனக்கே சந்தேகமாயிடுச்சு. நான்தான் பண்ணிட்டேனா?"

ஆர்வல் கொஞ்சமும் இளகவில்லை. உன் மனசாட்சியைக் கேள் என்றார். எனக்கு அந்த டப்பாவை ஆர்வல் தலையில் போடலாமா என்று இருந்தது. ஹார்லி வண்டியை எடுத்துக்கொண்டு நேரே கிரேட் ஃபால்ஸுக்குப் போனான் என்று பிறகு தெரிந்தது.

புதன்கிழமை காலை ஷெரீஃப் ஆபீஸ் ஆள் ஒருவர் டெல்மரின் ரைஃபிளை ஒரு போர்வையில் சுற்றிக் கொண்டுவந்தார். கூடவே ஒரு காகித உறையில் அந்தக் கிழிந்த பித்தளைக் கூடு. என்ன நடந்தது என்று பார்த்து வையுங்கள், நான் காபி குடித்துவிட்டு வருகிறேன் என்று போனார்.

ஆர்வல் போர்வையைப் பிரித்தார். பிரித்தவர் அப்படியே நின்றுவிட்டார். "இது டெல்மரோடது இல்ல" என்றார். போர்வையில் கட்டியிருந்த சீட்டில் டெல்மர் பெயர்தான் இருந்தது. கண்ணாடியை ஏற்றிக்கொண்டு குழலைத் தடவினார். ஒருமுறை தடவினார், இன்னொரு முறை தடவினார். நானும் எட்டிப் பார்த்தேன். ஏழு எம்.எம். மேக்னம். புத்தம்புது ரைஃபிள்.

பிறகு உறையைக் கவிழ்த்தார். கூடு வயிறு ஊதி, கழுத்துக்குக் கீழே இருக்கும் தோள் வளைவு போய், நெடுக வாய் பிளந்து கிடந்தது. அடியைத் திருப்பினார். அங்கே பொறித்திருந்தது எக்ஸ்பிரஸ். ஹார்லி அடைத்ததாக இருந்தால் பழைய கூடு, பழைய டூ-எய்ட்டி முத்திரைதான் இருக்கும். இது கடைச் சரக்கு. மேல் தட்டுச் சரக்கு. தடிமனான தோட்டாவுக்கு வெட்டிய குழல் அறையில் மெல்லிய தோட்டா போய் உட்கார்ந்திருக்கிறது, சுற்றிலும் பிடிமானம் இல்லை, அதனால் கிழிந்துவிட்டது. இவ்வளவையும் எனக்கு அவர் வாயால் சொல்லவில்லை. இத்தனை வருடமாக அவர் சொல்லிக் கேட்டதில் எனக்கே விளங்கிவிட்டது.

ஷெரீஃப் ஆபீஸ் ஆள் வந்து என்ன என்று கேட்டார். சாயங்காலம் சொல்கிறேன் என்றார் ஆர்வல். கூட்டை உறையில் போடவில்லை, சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். எனக்குச் சுருக்கென்றது. அந்த ஆள் வெறும் உறையைப் பார்க்காமலேயே ரைஃபிளோடு போய்விட்டார்.

"வெர்னா, என்னைக் கிரேட் ஃபால்ஸுக்குக் கூட்டிட்டுப் போ. உன் வண்டியிலயே போகலாம்" என்றார்.

தொண்ணூறு மைல். எனக்கு மனசுக்குள் கெட்ட எண்ணமாகவே வந்தது. அந்தக் கூடு ஒன்றுதான் சாட்சி. வழியில் மிசௌரி ஆற்றுப் பாலம் வரும், கண்ணாடியை இறக்கி விட்டெறிந்தால் தீர்ந்தது. ஹார்லி தானே நம்ப ஆரம்பித்துவிட்டான், ஊர் எப்போதோ நம்பிவிட்டது. டெல்மரிடம் நேரே போய் வாயை மூடிக்கொள் என்று கேட்கப் போகிறாரோ? பாலத்தில் நான் வேகத்தைக் குறைக்காமல் ஓட்டினேன். ஓரக்கண்ணால் அவர் கையையே பார்த்துக்கொண்டிருந்தேன். கை சட்டைப் பைமேல்தான் இருந்தது.

ஆஸ்பத்திரி வாசலில் ஹார்லியின் வண்டி நின்றது. உள்ளே அவன் கோட்டைப் போர்த்திக்கொண்டு சுருண்டிருந்தான். மேலே விடவில்லை, ஊருக்குத் திரும்பவும் மனசில்லை. ஆர்வல் கண்ணாடியைத் தட்டினார். "இறங்கு. என்கூட வா" என்றார். அவன் பேந்தப் பேந்த முழித்துக்கொண்டு இறங்கினான்.

மாடியில் நடையோரமாக நாற்காலியில் உட்கார்ந்திருந்த ஆர்டிஸ், தம்பியைப் பார்த்ததும் விருட்டென்று எழுந்தாள். அவள் வாயைத் திறப்பதற்குள் ஆர்வல் அந்தக் கூட்டை எடுத்து அவள் கையில் வைத்துவிட்டார்.

"இவன் அடைச்சது இல்ல ஆர்டிஸ். கடைத் தோட்டா, நான் எடுத்துக் கொடுத்தது. துப்பாக்கி வேற, தோட்டா வேற. ஊர்ல ஒருத்தன் விடாம குழலைப் பார்த்தேன், உன் புருஷன்கிட்ட பார்க்கல. இவன் மேல நான் சொன்னது அபாண்டம். ஊருக்குப் போய் அதே கடையில உக்காந்து இதையும் சொல்லிடுறேன்."

ஆர்டிஸ் கூட்டைப் பார்த்தாள். அவளுக்கு அதில் என்ன தெரியும்? "புதுத் துப்பாக்கி வாங்கினது எனக்குத் தெரியும். ஒரு எல்க் மான் அடிச்சுட்டு வந்து சொல்லிக்கிறேன், அதுவரைக்கும் ஆர்வல் காதுல போடாத, மேக்னம் வாங்கினவனுக்குக் குறி பார்க்கத் தெரியாதுன்னு கிண்டல் பண்ணியே கொன்னுடுவான்னார். ரெண்டுக்கும் தோட்டா வேற வேறன்னு நான் எப்படிக் கண்டேன்?" என்றாள். பக்கத்து நாற்காலியில் இருந்த தன் கைப்பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். ஹார்லி அந்த நாற்காலியில் போய் உட்கார்ந்தான். இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொள்ளவில்லை, ஆனால் உட்கார்ந்திருந்தார்கள்.

"முழிச்சுட்டுத்தான் இருக்கார், போய் அவர்கிட்டயே சொல்லுங்க" என்று ஆர்டிஸ் கதவைக் காட்டினாள்.

டெல்மர் தலையணையில் சாய்ந்திருந்தார். முகத்தில் பாதி கட்டு. ஆர்வல் கட்டிலோரம் நின்று, தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு, நடையில் சொன்னதையே திரும்பச் சொன்னார். கடைசியில், "ஏன்டா என்கிட்ட மறைச்ச?" என்று கேட்டார். கோபமாக ஆரம்பித்த கேள்வி பாதியில் உடைந்துவிட்டது.

"எங்க மறைச்சேன்? நீதான் கண்டுபிடிச்சுட்டியே" என்றார் டெல்மர். "கவுண்டர்ல வச்சு, புதுசுக்கு மாறிட்டியான்னு கேட்டியே."

"நான் பேரைச் சொன்னேன்டா. எக்ஸ்பிரஸ்ங்கிற பேரை."

டெல்மரின் மிச்சம் இருந்த கண் கூரையைப் பார்த்தது.

"நான் துப்பாக்கியைன்னு நெனச்சேன். யாரோ சொல்லிட்டாங்க, ஆனா இவன் திட்டலையேன்னு எனக்கு அவ்வளவு சந்தோஷம். வண்டியில பாடிட்டே போனேன், தெரியுமா? காலையில பெட்டியைப் பிரிக்கும்போது பார்த்தேன். அதுல எக்ஸ்பிரஸ்னு இருந்துச்சு, குழல்ல மேக்னம்னு இருந்துச்சு. ரெண்டு தடவை படிச்சேன் ஆர்வல். நான்தான் தப்பாப் படிக்கிறேன், நீ பார்க்காம கொடுப்பியான்னு உள்ள போட்டுட்டேன்."

ஆர்வல் கட்டில் விளிம்பைப் பிடித்துக்கொண்டு மெல்ல உட்கார்ந்தார். நான் வெளியே வந்து கதவைச் சாத்தினேன்.